தசைநாண் சீரமைப்புக்கான சாரம்: எலெக்ட்ரோஸ்பின்னிங் விரிப்பா, பின்னல் துணியா?

துணிநுட்ப மாணவர்:
வணக்கம். கிழிந்த தசைநாணுக்கு (தசையை எலும்போடு இணைக்கும் நாண்) தாங்கலாக வைக்கும் சாரம் ஒன்றை, அதாவது செல்கள் பற்றி வளரும் சட்டகம் ஒன்றைச் செய்து வருகிறேன். உடலில் மெல்லச் சிதையும் பாலிகாப்ரோலாக்டோன் என்ற பாலிமரை, மின்புலத்தால் நுண்ணிழைகளாக இழுத்து விரிப்பாகப் படியவைக்கும் எலெக்ட்ரோஸ்பின்னிங் முறையில் நூற்கிறேன். இழைகள் ஒரு மைக்ரோமீட்டரிலும் மெல்லியவை. செல்கள் மேலே நன்றாக ஒட்டிப் பெருகுகின்றன. ஆனால் இரண்டு வாரம் கழித்துக் குறுக்கே சீவிச் சாயமேற்றிப் பார்த்தால், செல்களின் உட்கருக்கள் மேல்விளிம்பில் ஒற்றை வரிசையாக நிற்கின்றன, உள்ளே ஒன்றுமில்லை. பின்னல் துணிக்கு மாறிவிடலாமா?

செல்வளர்ப்பு ஆய்வாளர்:
இழை மெலிய மெலியத் துளையும் சுருங்குகிறது. பத்து இருபது மைக்ரோமீட்டர் அகலமுள்ள செல், சில மைக்ரோமீட்டர் துளைக்குள் எளிதில் நுழையாது. நீரில் கரையும் பாலிஎத்திலீன் ஆக்சைடு இழைகளைச் சேர்த்து நூற்றுப் பின்பு கழுவி நீக்கினால், அவை இருந்த இடம் வழியாகிவிடும். சுழலும் உருளையில் இழைகளை ஒரே திசையில் சேகரிக்கவும் மறவாதீர்கள். செல்கள் இழையின் போக்கிலேயே நீள்கின்றன, தசைநாணுக்கு வேண்டியதும் அதுதான்.

பின்னல் பொறியாளர்:
பின்னலை மட்டும் நம்ப வேண்டாம் என்பேன். தசைநாணின் முக்கியப் புரதமான கொலாஜன் இழைகளின் நெளிவு நிமிரும்வரை தசைநாண் சற்று நெகிழ்ந்து, ஏறக்குறைய இரண்டு விழுக்காடு நீட்சியிலேயே விறைக்கத் தொடங்குகிறது. நூல் குறுக்கே ஓடிக் கண்ணி கோக்கும் குறுக்குப் பின்னலின் கண்ணிகளோ அதைவிடப் பல மடங்கு நீண்ட பிறகே விறைக்கும். ஆகவே பாரத்தை, நூல்கள் நீளவாக்கில் ஓடும் நெடுக்குப் பின்னலோ சடைப் பின்னலோ சுமக்கட்டும், உங்கள் விரிப்பு அதன்மேல் செல்களுக்கு இடம் தரட்டும்.

இழையின் ஆயுளும் முக்கியம். உடலில் விரைவில் சிதையும் மற்றொரு பாலிமரான பாலிகிளைகோலிக் அமிலம் இரண்டு முதல் நான்கு வாரங்களில் வலிமையில் பெரும்பகுதியை இழந்துவிடும், தசைநாண் முதிர்வதற்கோ மாதங்கள் ஆகும். பாலிகாப்ரோலாக்டோன் கரைய இரண்டாண்டுக்கு மேலாகலாம். அவ்வளவு காலமும் முழுப் பாரத்தையும் சாரமே தாங்கினால், இழுவிசை எட்டாத புதிய கொலாஜன் ஒழுங்காக அடுக்கிக்கொள்ளாது. ஆகவே இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட பட்டே என் தேர்வு. ஆனால் அது, இழையைச் சுற்றியுள்ள செரிசின் பசையை முழுவதும் நீக்கிய ஃபைப்ரோயினாக (பட்டிழையின் உட்புரதம்) இருக்க வேண்டும், இல்லையேல் அழற்சி வரும்.

துணிநுட்ப மாணவர்:
மிக்க நன்றி. இழுவிசைச் சோதனையை இதுவரை உலர்ந்த துண்டுகளில்தான் செய்தேன். கிருமிநீக்கத்துக்கு ஆட்டோக்ளேவ் (உயரழுத்த நீராவிக் கலன்) போதுமா?

செல்வளர்ப்பு ஆய்வாளர்:
கூடாது. பாலிகாப்ரோலாக்டோன் 60 டிகிரி செல்சியஸிலேயே உருகும், ஆட்டோக்ளேவ் 121 டிகிரி. கிருமிகளைக் கொல்லும் எத்திலீன் ஆக்சைடு வாயுவைக் குறைந்த வெப்பச் சுழற்சியில் பயன்படுத்தி, எஞ்சிய வாயு வெளியேறப் போதிய நேரம் கொடுங்கள். இழுவிசையை அதன் பிறகு, 37 டிகிரி உப்புக்கரைசலில் ஊறிய துண்டில் அளவிடுங்கள். நூலில் நூற்பு எண்ணெய் இருந்தால், அதைச் செல்களை விதைக்கும் முன்பே கழுவிவிட வேண்டும்.