கூனூர் வரைக்கும் போய் ஒரு பழைய ராலே வாங்கணுமா?

சந்திப்பிள்ளையார் முக்கு
கூனூரில் ஒரு எஸ்டேட் பங்களாவைக் காலி செய்கிறார்கள். கொட்டகையில் கிடந்த ராலே சைக்கிள் ஒன்றை விற்கப்போவதாகத் தெரிந்தவர் மூலம் தகவல் வந்தது. மூன்று கியர், அந்தக் கியரை உள்ளே வைத்த ஸ்டர்மி ஆர்ச்சர் ஹப் (பின்சக்கரத்தின் நடு உருளை), முழு செயின் கவர், பிரூக்ஸ் தோல் சீட். போட்டோக்களும் வந்திருக்கின்றன. எல்லாமே இடது பக்கத்தில் நின்று எடுத்தவை, செயின் இருக்கிற வலது பக்கம் தெரியவில்லை. திருநெல்வேலியிலிருந்து 400 கிலோமீட்டருக்கு மேல். மதுரை, கோவை, மேட்டுப்பாளையம் என்று மாறிமாறிப் போகணும். என்னிடம் இருப்பவை அம்பத்தூரில் செய்த ஹெர்குலிஸும் வங்காளத்து அசன்சோலில் செய்த சென்-ராலேயும்தான். ராலேயின் சொந்த ஊரான இங்கிலாந்து நாட்டிங்காமில் செய்த வண்டி ஒன்றுகூட இல்லை. போகலாம் என்றுதான் நினைக்கிறேன். தூரம் போய் வாங்கிப் பழகியவர்கள் சொல்லுங்கள்.

கல்லிடைக்காரன்
போகாதீர் அண்ணாச்சி. காரணம் வண்டி இல்லை, நீர்தான். பஸ் சார்ஜ், ரூம் வாடகை, லீவு எல்லாம் போன பிறகு வண்டி முன்னால் போய் நிற்பீர். வெறுங்கையோடு திரும்ப மனசு வராது. முன்சக்கரத்தைப் பிடிக்கிற ஃபோர்க் வளைந்திருந்தாலும் நேராகத்தான் தெரியும். விற்கிறவருக்கும் இது தெரியும். "திருநெல்வேலியிலிருந்தா வாரீங்க?" என்று கேட்டு ஒரு காபி கொடுப்பார். அதோடு விலை பேசுகிற சோலி முடிந்தது.

இந்த ஆத்தங்கரையை ஒழுங்காகப் பார்த்தீரா? சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பை என்று வரிசையாக வீட்டு மச்சுகளில் சைக்கிள் கிடக்கிறது. விக்கிரமசிங்கபுரத்தில் மில்லுக்கு ஷிப்டு போன வண்டிகள் இன்னும் திண்ணையில் சாய்ந்து நிற்கின்றன. யார் ஓட்டினார், எந்த வருஷம் வாங்கினார், எல்லாம் வீட்டிலேயே கேட்கலாம். வரி கட்டியதற்குப் பஞ்சாயத்தில் கொடுத்த பழைய சைக்கிள் வில்லை ஹேண்டில்பாரில் தொங்கிக்கொண்டே கிடைக்கும். ஆள் தெரியாத இங்கிலீஷ்காரன் வண்டியைக் கூனூரிலிருந்து தூக்கிவந்து இங்கே என்ன கதை சொல்லப்போகிறீர்?

டைனமோ லைட்
கல்லிடை அண்ணாச்சி சொல்கிற மச்சு வண்டிகளை நானும் இறக்கிப் பார்த்தவன்தான். சைக்கிள் கடை வைத்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

நம் பக்கத்து வண்டிகள் உழைத்த வண்டிகள். நெல்மூட்டை, கருப்பட்டி, பீடி இலை, பின்னால் ஒரு ஆள் என்று சுமந்தவை. எது உடைந்ததோ அதை மாற்றி மாற்றியே ஓட்டினார்கள். மட்கார்டு ஒரு கம்பெனி, ஃபோர்க் இன்னொன்று, பெடல் வேறொன்று. அதில் தப்பு இல்லை, வண்டி ஓடணுமே. ஆனால் சேகரிக்கிறவருக்கு மிஞ்சுவது ஃப்ரேம் மட்டும்தான்.

நாட்டிங்காம் ராலேயில் இன்னொரு வில்லங்கம் உண்டு. பெடல் அச்சு சுழல்கிற பிராக்கெட்டில் மறை (திருகு வரி) இஞ்சுக்கு 26. மற்ற இங்கிலீஷ் கம்பெனிகள் பொதுவாக வைத்தது 24. அதில் திருகுகிற பேரிங் கப் தேய்ந்ததும் கையில் கிடைத்த 24 மறை கப்பை எண்ணெய் விட்டு, ஸ்பானருக்குக் குழாய் மாட்டித் திருகி ஏற்றியிருப்பார்கள். ஏறத்தான் செய்யும். உள்ளே மறையெல்லாம் வழித்துப்போயிருக்கும். அந்த ஃப்ரேமைச் சரிசெய்யப் புது பிராக்கெட்டைப் பற்றவைக்கணும். எஸ்டேட் துரை வீட்டில் சும்மா நின்ற வண்டியில் அந்தக் கூத்து நடந்திருக்க வாய்ப்பு குறைவு. அதனால் போகலாம் என்பது என் கட்சி.

உடன்குடி
போகிறவர் துருவையும் யோசிக்கணும். நாங்கள் கடற்கரை. உப்புக் காற்றில் குரோம் நிற்காது, திருச்செந்தூர் மணப்பாடு பக்கம் ரிம்மைத் தொட்டால் கையோடு வரும். ஆனால் அது வெளியே தெரிகிற துரு. மலையில் பனியும் மழையும் மாறி மாறி. குழாய்க்குள் ஈரம் கோத்து உள்ளேயிருந்து அரிக்கும். பெயின்ட் பளபளவென்றிருக்கும், தட்டினால் சத்தம் மாறும்.

கரிசல் சக்கரம்
அப்படியென்றால் காய்ந்த ஊராகப் பார்த்துப் போங்கள். எங்கள் கோவில்பட்டி, சங்கரன்கோவில் பக்கம் துரு குறைவு. தூரம்தான் வேண்டுமென்றால் காரைக்குடி இருக்கிறது. பூட்டிக் கிடந்த பெரிய வீட்டுச் சாமான் எல்லாம் முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளுக்கு வருகிறது. ஆனால் பேட்ஜைப் பார்த்து மயங்காதீர்கள், எந்த ஊரானாலும் சரி. ராலேயின் கொக்குத் தலை பேட்ஜ் தனியாகவே விலைக்குக் கிடைக்கிறது. இரண்டு ஆணி அடித்தால் எந்த ஃப்ரேமும் ராலேதான்.

கல்லிடைக்காரன்
டைனமோ அண்ணாச்சி, "ஃப்ரேம் மட்டும்தான் மிஞ்சும்" என்கிறீர். மாற்றிப்போட்ட ஃபோர்க்கும் அந்த வண்டியின் வரலாறுதானே? கம்பெனியிலிருந்து வந்தபடியே நிற்கிற வண்டி வேண்டுமென்றால் கேட்லாக்கைச் சட்டம் போட்டு மாட்டிக்கொள்ளும்.

இன்னொன்று. உங்களைப்போல நாலு பேர் ஊர் ஊராக அலைந்ததில் எங்கள் தெருப் பழைய இரும்புக் கடைக்காரர்கூட "ஆன்டிக் அண்ணாச்சி" என்று ஆரம்பித்துவிட்டார். எடைக்குப் போட்ட அட்லஸுக்கு அவர் சொல்கிற விலையில் புதுச் சைக்கிளே வாங்கலாம்.

டைனமோ லைட்
எடைக்குப் போய் உருகுவதற்கு அவர் விலை சொல்வது நல்லதுதான் வே. ஒரு வண்டியாவது தப்பிக்குமே.

லேடீஸ் சைக்கிள்
கூனூரா கல்லிடையா என்று அடித்துக்கொள்கிறீர்கள். எல்லாரும் தேடுவது மட்டும் ஒரே ராலே, ஹம்பர், ரட்ஜ் என்று இங்கிலீஷ் கம்பெனி வண்டிகள். நான் சேர்ப்பது நடுவில் குறுக்குப் பார் இல்லாத லேடீஸ் சைக்கிள். அதற்காகப் புதுக்கோட்டை வரை போய்வருகிறேன். 1991 வாக்கில் அறிவொளி இயக்கத்தில் அங்கே கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகினார்கள். கடைகளில் லேடீஸ் சைக்கிள் தீர்ந்துபோய், ஆண்கள் ஓட்டுகிற பார் வைத்த வண்டியையே வாங்கி ஓட்டியவர்கள் நிறைய. அந்த வண்டிகள் இப்போதுதான் எடைக்குப் போகின்றன. யாரும் "விண்டேஜ்" என்று சொல்லாததால் விலையும் ஏறவில்லை. இன்னும் கொஞ்ச வருஷம் போனால் ஒன்றுகூட இருக்காது.

கல்லிடை அண்ணன் சொல்கிற கதை எனக்கும் வேணும். ஆனால் கதை நம் ஊரில் மட்டும்தான் இருக்கிறது என்றால் எப்படி? போய்த்தான் கேட்கணும்.

கல்லிடைக்காரன்
அக்கா, நீங்கள் ஆளைத் தேடிப் போகிறீர்கள், வண்டி பின்னால் வருகிறது. அதை நான் மறுக்கவில்லை. முக்கு அண்ணாச்சி போவது ஹப்பைத் தேடி.

சந்திப்பிள்ளையார் முக்கு
ஹப்பைத் தேடிப் போனால் என்ன குற்றம்? ஒவ்வொருத்தருக்கு ஒரு கிறுக்கு. வண்டி எங்கே செய்தது என்று தெரிந்து வாங்கணும் என்பது என் கிறுக்கு. 1949ல் அம்பத்தூர்த் தொழிற்சாலை, அப்புறம் அசன்சோல் என்று வந்த பிறகு நம் தெருவில் ஓடியதெல்லாம் பெரும்பாலும் இங்கே செய்தவை. அதற்கு முந்தைய வண்டி கைக்கு வந்தால் இரண்டையும் பக்கத்தில் நிறுத்தி என்ன மாறியது, என்ன மாறவில்லை என்று பார்க்கலாம். அது எனக்குப் பெரிய விஷயம்.

சரி, டைனமோ அண்ணாச்சி, போனால் முதலில் எதைப் பார்க்கணும்?

டைனமோ லைட்
வெயிலில் நிறுத்தச் சொல்லும். கொட்டகை இருட்டில் பார்க்காதீர். கீழ்க் குழாய் தலைக் குழாயோடு சேருகிற இடத்துக்கு அடியில் விரலை ஓட்டும். பெயின்ட் சுருக்கம் விழுந்திருந்தால் எங்கேயோ முட்டிய வண்டி. அப்புறம் சீட் கம்பியைத் தளர்த்தி உருவிப் பாரும். வராவிட்டால் உள்ளே இறுகிவிட்டது, விலையில் குறைக்கலாம். வந்துவிட்டால் வண்டியைத் தலைகீழாகப் பிடித்துக் குலுக்கும். துருத்தூள் எவ்வளவு கொட்டுகிறது என்று பார்த்தால் உடன்குடி தம்பி சொன்ன சந்தேகம் தீர்ந்தது. தோல் சீட் வெடித்திருந்தால் அதற்குத் தனியாகக் காசு கொடுக்காதீர். டயரைப் பற்றிக் கவலை வேண்டாம், 28-1½ இன்றைக்கும் எந்தக் கடையிலும் கிடைக்கும்.

கரிசல் சக்கரம்
கொண்டுவருவது எப்படி? பஸ்ஸில் மேலே ஏற்றுகிற காலம் போய்விட்டதே.

டைனமோ லைட்
கோயம்புத்தூர் ஸ்டேஷன் பார்சல் ஆபீசில் போடலாம். நாகர்கோவில் ரயில் நம் ஜங்ஷன் வழியாகத்தான் வருகிறது. சாக்கைச் சுற்றி, பெடலைக் கழற்றிக் கேரியரில் கட்டிவிடும். இடது பெடலுக்கு மறை எதிர்ப்பக்கம், தெரியாத பையன் கையில் ஸ்பானரைக் கொடுத்துவிடாதீர்.

சந்திப்பிள்ளையார் முக்கு
இப்போதுதான் வலது பக்கப் போட்டோ வந்தது. ஹப்பைத் துடைத்து எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். ஏ.டபிள்யூ என்று மாடலை அடித்து, பக்கத்தில் வருஷம் 47 என்று தெளிவாக இருக்கிறது.

கல்லிடைக்காரன்
ஹப் 47 என்றால் ஹப்தான் 47. ஃப்ரேம் எந்த வருஷம்?

சந்திப்பிள்ளையார் முக்கு
அதைப் பார்க்கத்தானே போகிறேன் வே.