பெரிஸ்கோப் ஆடுதுங்க! ரியலிசத்தை நூறு வெச்சு மாட்டினவங்க அனுபவம் சொல்லுங்க

முதுநகர் மூழ்கி:

கடலூர் முதுநகர்ல இருந்து எழுதுறேன். சைலண்ட் ஹன்டர் 3, நாமளே நீர்மூழ்கிக் கப்பல் ஓட்டி எதிரிக் கப்பலை மூழ்கடிக்கிற கேம், 2005ல வந்தது, இன்னும் அதையேதான் ஓட்டிக்கிட்டிருக்கேன். போன மாசம் வீம்புக்கு ரியலிசத்தை, அதாவது கேம் நிசத்துக்கு எவ்வளவு கிட்ட இருக்கணும்கிற அளவை, நூறு சதவீதம் ஆக்கினேன். பேட்டரி தீரும், மூச்சுக் காத்து தீரும், டார்பிடோ போய் முட்டிட்டு வெடிக்காமலே கிடக்கும், இதெல்லாம் ஏற்கெனவே பழகினதுதான். பாக்கி இருந்தது ஒண்ணே ஒண்ணு: பெரிஸ்கோப் பார்வையை ஆடாம நிறுத்தி வைக்கிற வசதி. அதையும் எடுத்துட்டேன்.

அயர்லாந்துக்கு மேற்கே, காத்து விநாடிக்கு 15 மீட்டர். சரக்குக் கப்பல் ஒண்ணு துணைக்கு ஆளில்லாம வருது. பெரிஸ்கோப்ல கண்ணு வெச்சா வானம், தண்ணி, வானம், தண்ணி. நடுவுல கப்பல் எட்டிப் பாத்துட்டுப் போகுது. தூரம் அளக்கணும்னா கொடிமர உச்சியையும் நீர்க்கோட்டையும் ஒண்ணோட ஒண்ணு பொருத்தணும். நீர்க்கோடே அலைக்குள்ள இருந்தா எதைப் பொருத்துறது? முதல் தடவை 900 மீட்டர்னு வந்துது, அடுத்தது 2300. நாலு டார்பிடோ விட்டேன், நாலும் கடலம்மாவுக்குப் படையல். இதுல தலைசுத்தல் வேற. வீட்டுக்காரம்மா வந்து பாத்துட்டு, பஸ்ஸுல போறவனுக்குக் குடுக்குற மாதிரி கையில ஒரு எலுமிச்சம்பழத்தைக் குடுத்துட்டுப் போனாங்க.

உங்களுக்கெல்லாம் எப்படி?

லாஸ்பேட்டை லாக்புக்:

தூரத்தை ஏன் அளக்குறீங்க? நானும் புதுசுல அதையே புடிச்சுத் தொங்கினேன். வேகம்தான் முக்கியம். நம்ம நீர்மூழ்கிப் படகு ஆடுறது பெரும்பாலும் மேலயும் கீழயும்தான். அதனால பெரிஸ்கோப்ல தெரியிற செங்குத்துக் கோட்டை நம்பலாம். படகை 2 நாட் (மணிக்கு 2 கடல் மைல்) வேகத்துல வெச்சு, திருப்பாம, பெரிஸ்கோப்பை அசைக்காம ஸ்டாப்வாட்சை எடுங்க. கப்பல் மூக்கு கோட்டைத் தொட்டதும் ஆரம்பிச்சு, வால் தாண்டினதும் நிறுத்துங்க. எனக்கு ஒரு தடவை 134 மீட்டர் நீளக் கப்பல் 26 விநாடியில தாண்டுச்சு. விநாடிக்கு 5.15 மீட்டர், அதாவது சரியா 10 நாட்.

அப்புறம் அதோட பாதைக்குக் குறுக்கே 90 டிகிரியில நின்னுக்கிட்டு, 30 நாட் எலெக்ட்ரிக் டார்பிடோவைப் படகு மூக்குக்கு நேரா விடணும். கப்பல் அந்த நேர்கோட்டுக்கு வர இன்னும் 18 டிகிரி இருக்கும்போதே சுடுங்க. தூரம் 800ஆ 1500ஆங்கிற கேள்வியே கிடையாது. கப்பல் ஓடுற தூரமும் டார்பிடோ ஓடுற தூரமும் சேர்ந்தே கூடும், சேர்ந்தே குறையும்.

பாண்டி எம்டன்:

எங்க தாத்தா என்னை எம்டன்னு கூப்பிடுவார், அதான் பேரு. பாதிப் பேர் எம்டனை நீர்மூழ்கின்னு நினைச்சுக்கிட்டிருக்காங்க. 1914 செப்டம்பர்ல மெட்ராஸ் மேல குண்டு போட்டது மேல மிதக்குற போர்க்கப்பல்தாங்க. சரி, விஷயத்துக்கு வர்றேன். பெரிஸ்கோப் ஆடுறதை எடுத்துட்டா ரியலிசம் சதவீதம் குறையும், சதவீதம் குறைஞ்சா மரியாதைப் புள்ளி குறையும், நல்ல படகு வாங்க முடியாது. நான் எடுக்கவே மாட்டேன். அலை நமக்கு மட்டும் எதிரி இல்ல. கண்ணாடி மாதிரிக் கடல்ல பெரிஸ்கோப்பைத் தூக்கினா ரெண்டே நிமிஷத்துல டெஸ்ட்ராயர், அதான் நீர்மூழ்கியை வேட்டையாடுற போர்க்கப்பல், மேல வந்து நிக்குது. கொந்தளிப்புல எவனும் என்னைப் பாக்குறதில்ல.

தேவனாம்பட்டினம் கரை:

நான் கேம் ஆடுற ஆள் இல்ல, பையன் ஆடுறான். பக்கத்துல உக்காந்து பாத்தேன், ரெண்டு நிமிஷத்துல குமட்டிடுச்சு. இருபது வருஷமா ஃபைபர் போட்டுல போறவன், கடல்ல ஒருநாளும் வாந்தி எடுத்ததில்ல. யோசிச்சா காரணம் புரியுது. போட்டு ஆடினா நம்ம முட்டியும் இடுப்பும் கூடவே ஆடுது, கண்ணு அது பாட்டுக்குக் கரையை நேரா வெச்சுக்கும். கலங்கரை விளக்கம் ஆடுறதா எனக்கு ஒருநாளும் தெரிஞ்சதில்ல. வீட்டுல நாற்காலி அசையல, டிவி மட்டும் ஆடுது. அப்ப எது நிசம்? ஆடாத படம்தான் எங்க கண்ணுக்குக் கிட்ட இருக்கு.

அந்த 15 மீட்டர் காத்தைப் பையன் பெருசா சொன்னான். கணக்குப் போட்டா மணிக்கு 54 கிலோமீட்டர். 2011 டிசம்பர்ல தானே புயல் அடிச்சப்ப இங்க இருந்தவங்ககிட்ட அதைச் சொன்னா சிரிப்பாங்க. ஆனா அந்தக் காத்துல தொழிலுக்குப் போக மாட்டோம், அதுவும் உண்மை.

லாஸ்பேட்டை லாக்புக்:

அண்ணே, இதை நான் யோசிச்சதே இல்ல. ஆனா பெரிஸ்கோப்ல கரை தெரியாதே, ஒரு சின்ன வட்டம்தானே?

தேவனாம்பட்டினம் கரை:

வட்டமா இருந்தாலும் கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறவன் உடம்பு ஆடும்ல தம்பி. தண்ணி வந்து மூடுறது மட்டும் நிசம்தான், அதை விட்டுடாதீங்க.

வில்லியனூர் வாத்தியார்:

ஆழத்தையும் கவனிங்க. எட்டு விநாடிக்கு ஒரு அலைன்னா ஆழ்கடல்ல அலைநீளம் கிட்டத்தட்ட 100 மீட்டர். 13 மீட்டர் ஆழத்துல அந்த அசைவு மேல இருக்குறதுல 44 சதவீதம் மிச்சம் இருக்கும், 50 மீட்டர்ல 4 சதவீதம்தான். பெரிஸ்கோப் ஆழத்துல படகு ஆடுறது கேம் காட்டுற பந்தா இல்ல. அங்கேயே மணிக்கணக்கா உக்காந்திருக்கறதுதான் நம்ம தப்பு.

முதுநகர் மூழ்கி:

வாத்தியார் சொன்னபடி நேத்து ராத்திரி 50 மீட்டர்ல கிடந்தேன். ஹைட்ரோஃபோன்ல, அதாவது தண்ணிக்கடியில சத்தம் கேக்குற கருவியில, கப்பல் சத்தத்தை மட்டும் கேட்டுக்கிட்டே பாதைக்குக் குறுக்கே போய் நின்னு, மேல வந்து ஸ்டாப்வாட்ச் போட்டுட்டுத் திரும்பவும் இறங்கிட்டேன். 22 விநாடி, 8 நாட். அதுக்கு 15 டிகிரி. ஒரே டார்பிடோ, நடு வயித்துல.

எம்டன் கோச்சுக்கக் கூடாது, பெரிஸ்கோப் ஆடுறதை நிறுத்தி வெச்சுட்டேன். அண்ணே சொன்ன காரணத்துக்காக. சதவீதம் நூறுல இருந்து இறங்கிடுச்சு. எலுமிச்சம்பழம் ரசத்துக்குப் போயிடுச்சு.