மார்க் பண்ண மாட்டோம் என்றார்கள்: உங்கள் டீமில் எப்படி?

காரைக்குடி கீப்பர்:
எங்கள் ஃபுட்பால் டீமின் ஸ்டாப்பர் பேக், அதாவது நடு டிஃபெண்டர், தனக்கு ஆண், பெண் இருவர் மேலும் ஈர்ப்பு உண்டு என்று நம்பி ஒருவனிடம் சொன்னான். மறுநாளே கிரவுண்ட் முழுக்கத் தெரிந்துவிட்டது. 'சேம் சைடு கோல்' என்று பட்டப்பெயர். போன வருஷம் ஒரு பெண்ணைக் காதலித்தானே, அப்போ இது சும்மா சீன் என்றான் ஒருத்தன். இல்லை, அந்தக் காதல்தான் பொய் என்றான் இன்னொருத்தன். அவன் சொன்னதை அப்படியே நம்ப மட்டும் ஆளில்லை.

கூத்து கார்னர் பயிற்சியில்தான். அவன் ஆறடி. வழக்கமாக ரெண்டு பேர் ஒட்டி நின்று ஜெர்சியைப் பிடித்து இழுத்து மார்க் பண்ணுவார்கள். அன்றைக்கு எல்லோரும் கை எட்டாத தூரத்தில் நின்றார்கள். பந்து வந்தது, ஹெட்டர், கோல். அடுத்த கார்னர், மறுபடியும் கோல். எனக்கு வந்ததே கோபம்! "ஏன்டா மாப்ள, உங்க கை அவன் மேல படக் கூடாதுன்னா வலைக்குள்ள கிடந்து பந்து பொறுக்க நான்தான் கிடைச்சேனா? நேத்து வரைக்கும் கட்டிப் பிடிச்சுத்தானே மார்க் பண்ணீங்க?" என்று கத்தினேன். யாரும் வாயைத் திறக்கவில்லை. அவனே சொன்னான்: "உங்க மேல எல்லாம் எனக்கு ஆசை வராதுடா. மூஞ்சியக் கண்ணாடில பாருங்க."

அப்புறம் ஒருத்தனுக்குப் போலீஸ் கேஸ் பயம். 18 வயதானவர்கள் சம்மதத்தோடு பழகினால் அப்போதிருந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவின் கீழ் குற்றமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரிலேயே சொல்லிவிட்டது. இங்கிலாந்தின் ஜமால் ஹவ்லெட்-மண்டிலைப் பற்றியும் சொன்னேன். அவரும் டிஃபெண்டர்தான். தனக்கும் ஆண், பெண் இருவர் மேலும் ஈர்ப்பு உண்டு என்று 2021-இல் தன் ஷெப்பி யுனைடெட் டீமிடம் தானே சொன்னவர். பட்டப்பெயர் ஒழிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். அவன் காதில் விழச் சொல்வது நின்றது.

தேவகோட்டை விங்:
பெண்கள் ஃபுட்பால் ஆடினாலே 'அந்த மாதிரி' என்று பேசுகிற ஊர் நம்மது. நான் இருபாலீர்ப்பு உள்ளவள். ஒரு பையனைக் காதலிப்பது தெரிந்ததும் "திருந்திட்டா" என்று டீமே சந்தோஷப்பட்டது. என்னத்தைத் திருந்தினேனோ! வீட்டில் ஆச்சிக்கு என் முட்டிக் காயம்தான் கவலை.

கீப்பர் அண்ணே, உங்கள் பசங்களுக்கு நதீன் ஆங்கரரைக் காட்டுங்கள். 2007 உலகக் கோப்பையில் ஒரு கோல்கூட விடாத ஜெர்மனி கீப்பர். ஃபைனலில் பிரேசில் வீராங்கனை மார்த்தாவின் பெனால்டியைத் தடுத்தவர். ஆண், பெண் ரெண்டு பேரையும் பிடிக்கும் என்று 2010-இல் வெளிப்படையாகச் சொன்னார். அதற்கப்புறம்தான் கேப்டன் ஆனார், 2013-க்கான ஃபிஃபாவின் சிறந்த வீராங்கனை விருதும் வாங்கினார்.

பள்ளத்தூர் ஹாஃப்:
வெளியூர் டோர்னமெண்டில் ரூம் எப்படிப் பிரித்தீர்கள்? எங்களுக்கு அதில்தான் சண்டை.

காரைக்குடி கீப்பர்:
கோச் சீட்டுக் குலுக்கிப் போட்டார். அவன் ரூமில் தங்க மாட்டேன் என்றவனுக்கு வராண்டாவைக் காட்டினார். கொசு பிய்த்து எடுத்ததில், நடுராத்திரி அவனே பாயைச் சுருட்டிக்கொண்டு வந்து கதவைத் தட்டினான்.