ஸ்டார்ட்டரைக் கழற்றுவதற்கு முன்: சிறு விமானம் வைத்திருப்போரின் அனுபவங்கள்

வர்ஜீனியா மெக்கானிக், டர்பன்

வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் உள்ள எங்கள் வர்ஜீனியா விமான நிலையத்தின் ஒரு பக்கம் நெடுஞ்சாலை, மறுபக்கம் மணலும் இந்தியப் பெருங்கடலும். காற்றில் வரும் உப்பு எங்கெல்லாம் புகும் என்பதை இங்கே 22 ஆண்டுகள் வேலை பார்த்துத் தெரிந்துகொண்டேன். அதில் ஒன்றை இன்று சொல்கிறேன்.

தைப்பூசக் காவடிக்கு மறுநாள் ஒருவர் தன் பைப்பர் செரோக்கி விமானத்தைக் கொண்டுவந்தார். சாவியைத் திருப்பினால் ப்ரொப்பெல்லர் முக்கி முனகி அரைச் சுற்றுச் சுற்றி நின்றுவிடும். அவர் ஏற்கெனவே புதிய பேட்டரி வாங்கிவிட்டார். அதுவும் பயன்படாமல் போகவே, என்ஜினைச் சுற்றிக் கிளப்பும் மின் மோட்டாரான ஸ்டார்ட்டரையும் மாற்றிவிட்டார். அப்படியும் அதே முனகல். "இன்னொரு ஸ்டார்ட்டர் சொல்லட்டுமா அண்ணா?" என்று கேட்டார். வேண்டாம், அரை மணி நேரம் கொடுங்கள் என்றேன்.

முதலில் ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினேன். என்ஜின் தவறியும் உயிர்பெறக் கூடாது என்பதற்காக பிளக்குகளுக்குப் பொறி தரும் மேக்னெட்டோ இரண்டையும் எர்த் செய்து முடக்கினேன். சக்கரங்களுக்குக் கட்டை வைத்தேன். மல்டிமீட்டர் வயர்களை நீளமாக இழுத்து இறக்கைக்குப் பின்னால் கொண்டுபோனேன், ஏனென்றால் ப்ரொப்பெல்லர் சுற்றும்போது அதன் பக்கத்தில் யாரும் நிற்கக் கூடாது. பிறகு விமானி சாவியைத் திருப்ப, நான் அளந்தேன். பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கும் ஸ்டார்ட்டர் முனைக்கும் இடையே 0.4 வோல்ட் இழப்பு. அது பொறுத்துக்கொள்ளக்கூடியது. பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் ஸ்டார்ட்டரின் உடலுக்கும் இடையே அளந்தபோது 2.3 வோல்ட். 12 வோல்ட் விமானத்தில் இவ்வளவு வழியிலேயே தொலைந்தால் ஸ்டார்ட்டர் எதைக் கொண்டு சுற்றும்?

மின்சாரம் போகிற வழியை எல்லோரும் பார்க்கிறார்கள். திரும்பி வருகிற வழியை எவரும் பார்ப்பதில்லை. என்ஜின் ரப்பர் தாங்கிகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது, ரப்பரில் மின்சாரம் போகாது. ஸ்டார்ட்டர் இழுக்கும் 200 ஆம்பியருக்கும் மேற்பட்ட மின்சாரம் விமானத்தின் உடலுக்குத் திரும்ப, என்ஜினையும் சட்டத்தையும் இணைக்கும் ஒரு பின்னல் பட்டைதான் வழி. அதன் முனையில் நூறில் ஒரு பங்கு ஓம் தடை ஏறினாலே 2 வோல்ட் போய்விடும். கண்ணுக்கு அந்தப் பட்டை நன்றாகத்தான் இருந்தது. போல்ட்டைக் கழற்றியபோதுதான் அடியில் வெள்ளைப் பொடி தெரிந்தது.

என்னைக் கலங்கவைத்தது வேறொன்று. எரிபொருள், காற்றுக் கலவையைக் கட்டுப்படுத்தும் மிக்ஸ்சர் கேபிளைத் தொட்டுப் பார்த்தேன், சுட்டது. பட்டை வழி அடைபட்டதால் மின்சாரம் கட்டுப்பாட்டுக் கேபிளின் உலோக உறை வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தது. இன்னும் சில முறை முயன்றிருந்தால் அந்தக் கேபிள் கருகி இறுகியிருக்கலாம். த்ராட்டிலோ மிக்ஸ்சரோ இறுகிய விமானத்தில் யாரையும் ஏற்ற எனக்கு மனம் வராது. வெள்ளீயம் பூசிய செம்புப் பின்னல் ஒன்றைப் புதிதாகப் போட்டு, இரு முனையிலும் உலோகம் பளிச்சிடும்வரை தேய்த்து இறுக்கினேன். கேபிள்களையும் முழு நீளத்துக்கும் சோதித்தேன். மறுபடி அளந்தால் 0.2 வோல்ட். முதல் சாவியிலேயே விசிறி போலச் சுழன்றது.

பழைய பைப்பர் வைத்திருப்போருக்கு இன்னொரு சொல். பலவற்றில் பேட்டரி பின் இருக்கைப் பக்கம் இருக்கும், அங்கிருந்து முன்னால்வரை அலுமினியக் கேபிள் ஓடும். செம்பு முனையோடு அலுமினியம் சேருமிடத்தில் அரிப்பு வேகமாக வரும். செம்புக் கேபிளுக்கு மாற்றிவிடுங்கள்.

ராண்ட் பயிற்றுநர், ஜெர்மிஸ்டன்

ஐயா, இங்கே உப்பு இல்லை, குளிர்தான். ராண்ட் விமான நிலையம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,670 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே குளிர்காலமான ஜூன், ஜூலைக் காலைகளில் இறக்கையில் பனி உறைந்திருக்கும்.

அப்படியொரு காலையில் எங்கள் செஸ்னா 172இல் மாணவர் சாவியைத் திருப்பினார். மோட்டார் "வ்வீ" என்று தனியே சுழன்றது, ப்ரொப்பெல்லர் அசையவே இல்லை. அந்தச் சத்தத்தை ஒருமுறை கேட்டவர் மறக்க மாட்டார். கோளாறு பெண்டிக்ஸில், அதாவது ஸ்டார்ட்டரை என்ஜினோடு கோக்கும் பற்சக்கர அமைப்பில். பழைய வகை ஸ்டார்ட்டரில் மோட்டார் சட்டென்று சுழலும்போது, திருகாணியில் நட்டு ஓடுவது போல பினியன் என்ற சிறு பற்சக்கரம் முன்னோக்கி ஓடி, என்ஜினின் பெரிய பற்சக்கரமான ரிங் கியரைப் பிடிக்கும். என்ஜின் ஓடத் தொடங்கியதும் ரிங் கியரின் வேகம் அதைத் திருப்பி உதைத்துவிடும். அந்தத் திருகு வழியில் அழுக்குப் பிடித்தால் பினியன் நகராது.

எங்கள் விமானத்தில் பிடித்திருந்தது அழுக்கு அல்ல, கிரீஸ். முன்பு பார்த்தவர் நல்லது செய்வதாக நினைத்து அதை நிறையத் தடவியிருந்தார். குளிரில் அது மெழுகாகிவிட்டது, தூசியையும் சேர்த்துக்கொண்டது. கரைப்பானில் கழுவி, உலரவைத்து, உற்பத்தியாளர் சொன்ன மெல்லிய உலர் மசகு மட்டும் போட்டோம். அந்தக் குளிர்காலம் முழுதும் ஒரு நாளும் மக்கர் செய்யவில்லை. பெண்டிக்ஸுக்குக் கிரீஸ் தடவாதீர்கள் என்று எல்லா மாணவர்களிடமும் சொல்கிறேன்.

கரும்புக்காட்டு விமானி, வடக்குக் கடற்கரை

எனக்கு நேர்ந்தது இதற்கு நேர் எதிர். என்ஜின் ஓடிவிட்டது, சாவியையும் விட்டுவிட்டேன், ஆனால் ஸ்டார்ட்டருக்கு மின்சாரம் போவதைக் காட்டும் விளக்கு அணையவில்லை. எரிந்துகொண்டே இருக்கட்டும், பிறகு பார்க்கலாம் என்று ஒரு நொடி நினைத்தேன். நல்லவேளை, மிக்ஸ்சரை இழுத்து என்ஜினை நிறுத்தி மாஸ்டர் மின் சுவிட்சையும் அணைத்தேன். ஸ்டார்ட்டருக்கு மின்சாரம் விடும் சுவிட்சான சொலினாய்டின் தொடுமுனைகள் பற்றவைத்தது போல ஒட்டிக்கொண்டிருந்தன. பேட்டரி பலவீனமாக இருந்ததும் அதை வைத்தே விடாமல் முயன்றதும்தான் காரணம். மின்னழுத்தம் போதாதபோது சொலினாய்டு படபடவென்று அடித்துக்கொள்ளும், ஒவ்வோர் அடியிலும் பொறி பறக்கும், கடைசியில் ஒட்டிக்கொள்ளும். விளக்கு இல்லாத விமானமாக இருந்திருந்தால் அப்படியே பறந்திருப்பேன். உங்கள் விமானத்தில் அந்த விளக்கு இல்லையென்றால் போட்டுக்கொள்ளுங்கள்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் மாணவி

ஐயா, ஒரு சந்தேகம். ஸ்டார்ட்டர் வேலை செய்யாத நாளில் கையால் ப்ரொப்பெல்லரைச் சுற்றிக் கிளப்பிவிடலாம் என்று ஓர் உறுப்பினர் சொன்னார். பழைய காலத்தில் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள் என்கிறார். எங்கள் பயிற்சி விமானத்தின் ஸ்டார்ட்டர் மூக்கு (அதன் முன்பக்க உறை) வேறு போன மாதம் உடைந்துவிட்டது. அது ஏன் உடைந்தது என்பதும் எனக்குப் புரியவில்லை.

வர்ஜீனியா மெக்கானிக், டர்பன்

மகளே, இரண்டுக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது: மேக்னெட்டோ.

உங்கள் என்ஜினில் பொறி பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு 25 பாகை முன்பே பாய்வதாக வைத்துக்கொள்வோம். ஓடும்போது அது சரி. மெதுவாகச் சுற்றிக் கிளப்பும்போது அவ்வளவு முன்னால் பாய்ந்தால் பிஸ்டன் பின்னோக்கி உதைக்கும். அதைத் தடுக்கத்தான் மேக்னெட்டோவில் இம்பல்ஸ் கப்ளிங் இருக்கிறது. கிளப்பும் நேரத்தில் மட்டும் அது பொறியைத் தாமதப்படுத்தும். அந்தக் கப்ளிங் தேய்ந்தாலோ, டைமிங் தவறினாலோ, கப்ளிங் இல்லாத மேக்னெட்டோ கிளப்பும்போது எர்த் ஆகாமல் விட்டாலோ உதை வரும். உதையை வாங்குவது ஸ்டார்ட்டரின் மூக்கு. ஆகவே புதிய ஸ்டார்ட்டரை மாட்டுவதற்கு முன் டைமிங்கையும் கப்ளிங்கையும் பார்க்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் இதுவும் உடையும்.

இப்போது யோசித்துப் பாருங்கள், அதே உதை உங்கள் கையில் விழுந்தால் என்ன ஆகும்? மேக்னெட்டோவுக்குப் பேட்டரி தேவையில்லை. சுவிட்சிலிருந்து அதற்குப் போகும் எர்த் வயர் அறுந்திருந்தால், சாவி அணைந்திருந்தாலும் அது உயிரோடுதான் இருக்கும். நான் ப்ரொப்பெல்லரைத் தொடும் ஒவ்வொரு முறையும் அது ஓடப்போகிறது என்று நினைத்தே தொடுகிறேன். அந்த உறுப்பினர் பழைய காலத்தில் தப்பியவர்களைப் பார்த்திருக்கிறார். கையால் கிளப்பும் பயிற்சியே இல்லாத உங்களை அவர் அழைத்தால் மறுத்துவிடுங்கள். வயதில் பெரியவர் என்று தயங்க வேண்டாம்.

கிளம்பாத என்ஜினைச் சாவியால் வதைப்பதும் தவறு. செஸ்னா 172எஸ் கையேட்டில் கணக்கு இருக்கிறது: 10 நொடி சுற்று, 20 நொடி ஓய்வு. அப்படி மூன்று முறை, பிறகு 10 நிமிடம் ஆறவிட வேண்டும். இன்னொரு மூன்று முறையிலும் கிளம்பவில்லையென்றால் காரணம் தேட வேண்டும். ஸ்டார்ட்டருக்கு விசிறியோ தண்ணீரோ இல்லை. சூடு உள்ளேயே தங்கிச் சுருளின் காப்பை எரித்துவிடும்.

கரும்புக்காட்டு விமானி, வடக்குக் கடற்கரை

அண்ணா, நண்பரின் செஸ்னா 206இல் காண்டினென்டல் என்ஜின். ஸ்டார்ட்டர் சுழல்கிறது, ப்ரொப்பெல்லர் வழுக்கி வழுக்கி நிற்கிறது. இதுவும் பெண்டிக்ஸா?

வர்ஜீனியா மெக்கானிக், டர்பன்

இல்லை தம்பி. அதில் பெண்டிக்ஸே கிடையாது, ஸ்டார்ட்டரை என்ஜினோடு இணைக்கும் அடாப்டர் இருக்கிறது. அதற்குள் ஒரு சுருள் ஸ்பிரிங் இறுகி உருளையைப் பிடிக்கும். தேய்ந்துவிட்டால் வழுக்கும், தேய்ந்த உலோகத் துகள் என்ஜின் ஆயிலில் கலக்கும். இனிச் சாவியைத் திருப்ப வேண்டாம் என்று இன்றே சொல்லுங்கள். ஆயில் வடிகட்டியை வெட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். துகள் இருந்தால் விமானம் அங்கேயே நிற்கட்டும், சனிக்கிழமை நானே வந்து பார்க்கிறேன்.