பழைய ஸ்போர்ட் டூரர்: எஞ்சின் சூடேறியதும் சார்ஜிங் குறைகிறது, எந்த வேலையை முதலில் எடுப்பது?

நெடுவழி எழுதியது:

வணக்கம். 1990களின் பிற்பகுதியில் தயாரான ஒரு ஸ்போர்ட் டூரர் (வேகத்துக்கும் நெடும்பயணத்துக்கும் ஏற்ற பெரிய மோட்டார் சைக்கிள்) அண்மையில் என் கைக்கு வந்தது. ஆயிரம் சிசிக்கு மேற்பட்ட நான்கு சிலிண்டர் எஞ்சின், நான்கு கார்புரேட்டர்கள், செயினுக்குப் பதிலாக ஷாஃப்ட். முந்தைய உரிமையாளர் அதை வெயிலும் மழையும் படாமல் வைத்திருந்தாலும், பல ஆண்டுகளாக ஓட்டவே இல்லை. புதிய பேட்டரி போட்டவுடன் ஸ்டார்ட் ஆகிவிட்டது. எஞ்சினில் தேவையற்ற சத்தம் எதுவும் இல்லை.

மூன்று குறைகள் தெரிகின்றன. முதலாவது, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது சரியாக இருக்கும் சார்ஜிங், அரை மணி நேரம் ஓடிச் சூடேறியதும் இறங்கிவிடுகிறது. இரண்டாவது, ஆக்சிலரேட்டரைச் சிறிதளவு மட்டும் திறந்து செல்லும்போது எஞ்சின் திணறுகிறது. நன்றாகத் திறந்தால் தடையின்றி இழுக்கிறது. மூன்றாவது, பிரேக்கை விட்ட பிறகும் முன்சக்கரம் சற்றே இறுக்கமாகச் சுற்றுகிறது. பார்த்த மெக்கானிக், ஸ்டேட்டரையும் (மின்சாரம் உண்டாக்கும் கம்பிச்சுற்று) ரெகுலேட்டரையும் (பேட்டரிக்குப் போகும் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் பாகம்) சேர்த்தே மாற்றிவிடலாம் என்கிறார். இவ்வளவு பழைய வண்டியில் அப்படி மாற்றுவதுதான் முறையா, அல்லது முதலில் சோதிக்க வேண்டியவை இருக்கின்றனவா? இந்த மூன்றில் எதை முதலில் எடுப்பது?

வளைவுச்சாலை எழுதியது:

நீங்கள் மூன்றாவதாகச் சொன்னதைத்தான் முதலில் எடுக்க வேண்டும். சார்ஜிங் நின்றால் வண்டி வழியில் நின்றுவிடும், அவ்வளவுதான். ஆனால் 300 கிலோவை ஒட்டிய எடையுள்ள வண்டியில், பயணியும் பெட்டிகளும் ஏறிய நிலையில், முன்பிரேக் தானாகப் பிடித்துக்கொண்டால் அதன் விளைவு வேறு.

சக்கரம் இறுக்கமாக இருக்கும்போதே காலிப்பரின் (சக்கரத்தருகே பிரேக் பேடை அழுத்தும் பாகம்) பிளீட் நிப்பிளை, அதாவது ஆயிலை வெளியேற்றும் திருகை, சற்றுத் தளர்த்திப் பாருங்கள். உடனே சக்கரம் விடுபட்டால், அழுத்தம் மேலே திரும்ப முடியாமல் சிக்கியிருக்கிறது என்று பொருள்: லீவரருகே உள்ள மாஸ்டர் சிலிண்டரில் ஊசிமுனை அளவே உள்ள திரும்புதுளை அடைத்திருக்கும், அல்லது ரப்பர் ஹோஸ் உட்புறம் ஊதியிருக்கும். தளர்த்திய பிறகும் இறுக்கம் குறையாவிட்டால், பிஸ்டன்கள் காலிப்பருக்குள் துருவாலும் அழுக்காலும் பிடித்திருக்கின்றன. சீல்களைக் கழற்றி, அவை அமரும் பள்ளங்களில் படிந்த வெண்படிவத்தைச் சுரண்டி எடுத்தால்தான் தீரும். எப்படியானாலும் பிரேக் ஆயில் முழுவதையும் மாற்றிவிடுங்கள். டாட் 4 ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புதியதற்குக் குறைந்தபட்சக் கொதிநிலை 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்று வரையறுத்திருக்கும் அதே தரம், ஈரம் ஏறிய நிலையில் 155 டிகிரியையே கோருகிறது. நீண்ட மலையிறக்கத்தில் இந்த வேறுபாடு லீவரிலேயே தெரியும். கிளட்ச்சும் ஹைட்ராலிக் என்றால் அதையும் விட்டுவிடாதீர்கள்.

டயரின் பட்டன் ஆழத்தைப் பார்த்து மனநிறைவு அடைய வேண்டாம். பக்கவாட்டில் டிஓடி எழுத்துகளின் முடிவில் நான்கு இலக்கங்கள் இருக்கும். முதல் இரண்டு வாரத்தையும் கடைசி இரண்டு ஆண்டையும் குறிக்கும். 2314 என்றிருந்தால் அது 2014ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் வார்க்கப்பட்டது. பத்தாண்டைத் தாண்டிய டயர் பார்வைக்குப் புதிதாக இருந்தாலும் கழற்றப்பட வேண்டியதே.

மூன்று மஞ்சள் வயர் எழுதியது:

முந்தைய பதிலுடன் முழுமையாக உடன்படுகிறேன். பிரேக் முடிந்த பிறகு இதைப் படியுங்கள். அதுவரை ஸ்டேட்டரையோ ரெகுலேட்டரையோ தயவுசெய்து வாங்க வேண்டாம். இந்த வயதுள்ள வண்டிகளில் பாகங்களைக் காட்டிலும் பாகங்களை இணைக்கும் கனெக்டர்களே அதிகம் கெடுகின்றன; அதை அளந்து பார்க்காமல் பாகத்தை மாற்றினால், புதிய பாகமும் அதே கெட்ட இணைப்பில்தான் போய் மாட்டப்படும்.

சாதாரண மல்டிமீட்டர் போதும். முழுதாகச் சார்ஜ் ஆன பேட்டரி, வண்டி சில மணி நேரம் நின்ற பிறகு, 12.6 முதல் 12.8 வோல்ட் வரை காட்ட வேண்டும். எஞ்சினை நிமிடத்துக்கு 5000 சுற்றில் வைத்தால் பேட்டரி முனைகளில் ஏறக்குறைய 13.5 முதல் 14.5 வரை வர வேண்டும். வராவிட்டால் ஸ்டேட்டரிலிருந்து வரும் மூன்று வயர்களின் கனெக்டரைப் பிரியுங்கள். ஜப்பானிய வண்டிகளில் இவை பெரும்பாலும் மஞ்சளாக இருக்கும். எஞ்சினை நிறுத்தி ஒவ்வோர் இணைக்கும் இடையே ஓம் அளவைப் பாருங்கள்: மூன்று அளவுகளும் மிகக் குறைவாகவும் ஒன்றுக்கொன்று சமமாகவும் இருக்க வேண்டும், அவற்றில் எதற்கும் எஞ்சின் உடலோடு தொடர்பு இருக்கக் கூடாது. பிறகு எஞ்சினை ஓட்டி, மீட்டரை ஏசி (மாறுமின்னோட்ட) வோல்ட்டுக்கு மாற்றி அதே இணைகளை அளங்கள். 5000 சுற்றில் பொதுவாக 50 வோல்ட்டுக்கு மேல் வரும். சரியான எண் உங்கள் வண்டியின் சர்வீஸ் கையேட்டில் இருக்கும். அந்த எண்ணைவிட மூன்றும் சமமாக இருப்பதையே நான் பெரிதாகக் கருதுவேன். இந்தச் சோதனையைச் சூடான நிலையில் செய்வது மிக முக்கியம், ஏனெனில் ஸ்டேட்டர் கம்பிச்சுற்றின் காப்புப்பூச்சு சூட்டில்தான் தன் பலவீனத்தைக் காட்டும்.

அடுத்தது பெரும்பாலோர் செய்யாமல் விடும் சோதனை. கனெக்டரை மீண்டும் மாட்டி, எஞ்சின் ஓடும்போது, மீட்டரின் ஒரு முனையை ரெகுலேட்டரின் பாசிட்டிவ் வெளியீட்டிலும் மறுமுனையைப் பேட்டரியின் பாசிட்டிவிலும் வைத்து வோல்ட் அளவைப் பாருங்கள். பிறகு நெகட்டிவ் பக்கத்திலும் அவ்வாறே. இரண்டில் ஏதேனும் ஒன்றில் 0.2 அல்லது 0.3 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் வயரிங்கில் இழப்பு இருக்கிறது. ஒரு கனெக்டரில் வெறும் 0.1 ஓம் தடை சேர்ந்து, அதன் வழியாக 20 ஆம்பியர் ஓடினால், 2 வோல்ட் அங்கேயே தொலைகிறது. 40 வாட் வெப்பம் அந்தச் சிறு பிளாஸ்டிக்கில் இறங்குகிறது. வெப்பத்தால் தடை கூடும், தடையால் வெப்பம் கூடும். நீங்கள் சொல்லும் ‘சூடேறியதும் இறங்குகிறது’ என்ற அறிகுறிக்கு இது மிகவும் பொருந்துகிறது.

பைலட் ஜெட் எழுதியது:

சிறிய திறப்பில் திணறலும் பெரிய திறப்பில் சீரான இழுப்பும் இருந்தால், கார்புரேட்டரின் பைலட் ஜெட்களில் (சிறிய திறப்பில் பெட்ரோல் தரும் நுண்துளைகள்) பழைய பெட்ரோலின் பிசின் படிந்திருக்கிறது என்பதே என் முதல் ஐயம். முழுமையாகக் கழற்றி, கிளீனரில் ஊறவைத்து, காற்றழுத்தத்தால் ஊதுங்கள். கம்பி விட்டுக் குத்தினால் துளையின் அளவு மாறிவிடும், பிறகு எந்தச் சரிசெய்தலும் பலிக்காது. சிலிண்டர் ஹெட்டுக்கும் கார்புரேட்டருக்கும் இடையிலுள்ள ரப்பர்கள் கல்லாக இறுகியிருந்தால், அங்கே நுழையும் காற்றும் இதே திணறலைத் தரும். ஆகவே கார்புரேட்டரைக் கழற்றிய அன்றே அவற்றையும் மாற்றுவது நல்லது.

வேலையின் வரிசை மாறக் கூடாது: முதலில் வால்வு இடைவெளி, அதன் பிறகே வெற்றிடமானி வைத்து நான்கு கார்புரேட்டர்களையும் ஒத்திசைப்பது. எஞ்சின் நன்றாகக் குளிர்ந்த பிறகே இடைவெளியை அளக்க வேண்டும். சத்தம் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அது எனக்கு ஆறுதல் தரவில்லை. இடைவெளி கூடினால்தான் சத்தம் வரும். எக்ஸாஸ்ட் வால்வுகள் பெரும்பாலும் இறுகும் திசையிலேயே நகர்கின்றன, இறுகிய வால்வு அமைதியாக இருந்துகொண்டே எரிந்துபோகும்.

இன்னொன்றையும் இன்றே பாருங்கள். நீண்ட காலம் நின்ற வண்டியில் பெட்ரோல் டேப்பும் மிதவை ஊசிகளும் கசிந்து, பெட்ரோல் சிலிண்டருக்குள் இறங்கியிருக்கலாம். ஆயிலை முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை இருந்தால் எஞ்சினை மேலும் ஓட்டாதீர்கள். திரவம் நிறைந்த சிலிண்டரில் ஸ்டார்ட்டரை அழுத்தினால் கனெக்டிங் ராடு வளையும். புதிய ஆயில் ஜேஏஎஸ்ஓ எம்ஏ அல்லது எம்ஏ2 தரமாக (ஆயிலில் நனைந்த கிளட்ச்சுக்கு ஏற்ற தரம்) இருக்கட்டும்.

உதிரிபாகங்களைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். இவ்வகை வண்டிகள் பல நீண்ட காலம் விற்பனையில் இருந்தவை: கவாசாகி கான்கோர்ஸ் 1000, 1986 முதல் 2006 வரை பெரிய மாற்றமின்றி வந்தது, ஹோண்டா எஸ்டி1100, 1990 முதல் 2002 வரை வந்தது.

நெடுவழி எழுதியது:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. ஆயிலில் பெட்ரோல் வாடை இல்லை. முன்பிரேக்கில் திரும்புதுளைதான் அடைத்திருந்தது. சுத்தம் செய்து, ரப்பர் ஹோஸ்களுக்குப் பதில் எஃகு இழை சுற்றியவற்றைப் பொருத்தியதும் சக்கரம் தடையின்றிச் சுற்றுகிறது. டயர்கள் இரண்டையும் மாற்றப் போகிறேன்.

சார்ஜிங் அளவுகள் சூடான நிலையில் எடுத்தவை: மூன்று மஞ்சள் வயர்களிலும் ஏசி சமமாக இருக்கிறது, எஞ்சின் உடலோடு தொடர்பு இல்லை. பேட்டரியில் 13.0 வோல்ட்தான் வருகிறது. பாசிட்டிவ் பக்க இழப்பு 0.1, நெகட்டிவ் பக்க இழப்பு 1.1. மஞ்சள் கனெக்டரில் ஒரு முனை பழுப்பேறியிருக்கிறது.

மூன்று மஞ்சள் வயர் எழுதியது:

13.0, 0.1, 1.1 என்ற மூன்று அளவுகளையும் கூட்டினால் 14.2 வருகிறது. அதாவது ரெகுலேட்டர் தன் முனைகளில் 14.2 வோல்ட்டைப் பார்த்து, போதும் என்று மிச்சத்தை எர்த்துக்குத் திருப்பிவிடுகிறது, பேட்டரிக்கு 13.0தான் வந்து சேர்கிறது என்பது அதற்குத் தெரிய வழியில்லை. ஸ்டேட்டரும் ரெகுலேட்டரும் நலமாக இருக்கின்றன. பழுது நெகட்டிவ் பக்க எர்த் வயரில்தான்.

ரெகுலேட்டரின் நெகட்டிவ் முனையிலிருந்து பேட்டரியின் நெகட்டிவுக்கு நேராக 4 சதுர மி.மீ. தாமிர வயர் ஒன்றைத் தனியாக இழுங்கள். பழுப்பேறிய கனெக்டரை அப்படியே விட வேண்டாம். செம்பு பளிச்சென்று தெரியும் இடம்வரை வயரைப் பின்னோக்கி வெட்டி, நீர்புகாத புதிய கனெக்டரைச் சரியான கிரிம்ப் கருவியால் அழுத்திப் பொருத்துங்கள். பற்றாசு வைத்த இடத்தில் வயர் விறைத்து அதிர்வில் ஒடியும் என்பதால் கிரிம்ப்பையே நான் நம்புகிறேன். முடிந்ததும், அதே சூட்டில், அதே இடங்களில் மீண்டும் அளங்கள்.

எப்போதாவது ரெகுலேட்டரை மாற்ற நேர்ந்தால், மாஸ்ஃபெட் (ஒருவகை டிரான்சிஸ்டர்) வகையான ஷிண்டெங்கன் எஃப்எச்020ஏஏ பழைய வகையைவிடக் குறைவாகச் சூடாகும். எஸ்எச்847 போன்ற சீரீஸ் வகை மின்னோட்டத்தையே துண்டித்துவிடுவதால் ஸ்டேட்டரின் சுமையும் குறையும். இப்போது இரண்டும் தேவையில்லை.

வளைவுச்சாலை எழுதியது:

பின்டயருக்காகச் சக்கரத்தைக் கழற்றும் அன்று, ஷாஃப்டின் சக்கரப்பக்க ஸ்ப்ளைன்களை (சக்கரத்தோடு பிணையும் பல்வரிசை) துடைத்துப் பற்களின் முனைகளைப் பாருங்கள். கூர்மையாகத் தேய்ந்திருக்காவிட்டால், மாலிப்டினம் அதிகமுள்ள பேஸ்ட்டை மெல்லியதாகப் பூசிவிட்டு மாட்டுங்கள். சாதாரண பேரிங் கிரீஸ் அங்கே நிற்காது. ஃபைனல் டிரைவின் (பின்சக்கரத்தருகே உள்ள கியர்பெட்டி) ஹைப்பாய்டு கியர் ஆயிலையும் அப்போதே மாற்றிவிடலாம். வடித்த ஆயிலில் மெல்லிய சாம்பல் நிறத் தூள் இருப்பது இயல்பு, உலோகச் சில்லுகள் இருந்தால் படத்துடன் இங்கே எழுதுங்கள்.