பிட்காயின் முன்மொழிவுகள் இரண்டைப் புரிந்துகொள்ள உதவி வேண்டும்

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. தங்கச்சிமடத்தில் வீட்டு லேப்டாப்பில் பிட்காயின் நோடு (பரிவர்த்தனைகளைச் சரிபார்த்து மற்ற கணினிகளுக்குக் கடத்தும் மென்பொருள்) ஓட்டுகிறேன். பழைய பிளாக்குகளை (பரிவர்த்தனைத் தொகுப்புகளை) அழித்துவிடும் ப்ரூனிங் முறைதான். ஆனாலும் மொபைல் டேட்டா சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது.

2016-ல் வந்த பிஐபி 152 (பிஐபி என்றால் பிட்காயினை மேம்படுத்தும் முன்மொழிவு) படித்தேன். பிளாக்கை முழுதாக அனுப்பாமல், பெரும்பாலும் ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் 6 பைட் அடையாளம் மட்டும் அனுப்புகிறார்கள். மீதியை நம் மெம்பூலில், அதாவது இன்னும் பிளாக்கில் சேராமல் காத்திருக்கும் பரிவர்த்தனைகளின் தொகுப்பில் இருந்தே எடுத்துக்கொள்ளலாம். அருமையான யோசனை! ஆனால் டேட்டா மிச்சத்துக்காக, தனிப் பரிவர்த்தனைகளை வாங்காமல் பிளாக்குகளை மட்டும் வாங்கும் 'பிளாக்ஸ்ஒன்லி' அமைப்பைப் போட்டால் மெம்பூல் ஏறக்குறைய காலியாகத்தானே இருக்கும்? அப்புறம் 152-ஆல் என்ன பயன்? இரண்டில் எதற்கு டேட்டா குறைவு? அளந்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

பிஐபி 330, அதாவது எர்லே (நோடுகள் பரிவர்த்தனைகளை ஒன்றுக்கொன்று அறிவிக்க ஆகும் டேட்டாவைக் குறைக்கும் முறை), அதன் கணக்கும் பிடிபடவில்லை. பாம்பன், மண்டபம், ராமநாதபுரம் பக்கம் யாராவது ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து தமிழில் சொல்லித் தருவீர்களா? நானே தேடி வருகிறேன்.