டர்பன்: வசந்தகாலப் பசுமை விழாவுக்கு எந்த மரம், என்ன சாப்பாடு, குப்பைக்கு என்ன வழி?

வெஸ்ட்வில்_மாணவி:
வணக்கம். எங்கள் பல்கலைக்கழக வளாகத்தில் தமிழ் மாணவர்களும் ஊழியர்களும் சேர்ந்து செப்டம்பரில் பசுமை விழா நடத்தப் போகிறோம். 100 பேர் வருவார்கள். மரம் நடும் வாரத்தில் (செப்டம்பர் 1–7) 10 கன்று நட்டு, மதியம் சாப்பாடும் போட யோசனை. நாவல் கன்று வைக்கச் சொல்கிறார்கள் வீட்டுப் பெரியவர்கள். சரிதானா? அதோடு பக்கத்துச் சரிவில் களை பிடுங்கவும் ஆசை.

பெரியா_தோட்டம்:
நாவலை விட்டுவிடுங்கள் தங்கச்சி. இந்தியாவிலிருந்து வந்த நாவல், தென்னாப்பிரிக்காவில் நம் டர்பன் இருக்கும் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் 1பி பிரிவு அன்னிய ஆக்கிரமிப்பு மரம். நடவோ, வளர்த்துக் கொடுக்கவோ சட்டப்படி அனுமதி இல்லை. அதற்குப் பதில் அதே குடும்பத்து உம்டோனி இந்த மண்ணுக்கே உரியது. பழம் தின்னலாம், பறவையும் வரும். ஈரம் நிற்கும் பள்ளமான இடத்தில் வையுங்கள். நடைபாதை ஓரத்துக்கு, நம் புங்கை இனத்து உம்சிம்பீட் மரம். கல்யாண முருங்கையின் சொந்தமான கோரல் மரம் இலை விடும் முன்பே சிவப்பாகப் பூக்கும், அதுவும் வசந்தத்தை ஒட்டி. விழாவுக்கு அதைவிடப் பொருத்தமானது கிடைக்காது. ஆனால் வேர் முரட்டுத்தனமானது, கட்டடத்துக்கும் குழாய்க்கும் தள்ளி வையுங்கள்.

குழி 60 செ.மீ. அகலம், 60 செ.மீ. ஆழம். மேல்மண்ணைத் தனியாகக் குவியுங்கள். முதல் நாளே குழியில் தண்ணீர் நிரப்பிப் பாருங்கள். மறுநாள் காலையிலும் தேங்கி நின்றால் அங்கே உம்டோனி மட்டும்தான், மற்றவை வேர் அழுகும். மேல்மண்ணோடு மூன்றில் ஒரு பங்கு மக்கிய உரம் கலந்து, பையில் மண் எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டத்தில் நடுங்கள். பைக்குள் வட்டமாகச் சுற்றிய வேரைக் கத்தியால் கீறிவிடாவிட்டால் அது வெளியே ஓடாமல் சுற்றிக்கொண்டே இருக்கும், சில வருடத்தில் பெருங்காற்றுக்கு மரம் சாயும். மூடாக்கு (மண்மேல் பரப்பும் காய்ந்த இலை) 7 செ.மீ. போதும். தண்டைத் தொடக் கூடாது.

பால்மியட்_நடை:
களை விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. அந்தப் பக்கச் சரிவுகளில் உண்ணிச்செடியும் டிரிஃபிட் களையும்தான் (குரோமோலீனா) அதிகம். டிரிஃபிட் குளிர்காலத்தில் பூத்து, ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை விதை உதிர்க்கும். பஞ்சு வைத்த விதை, காற்றில் பறக்கும். செப்டம்பரில் காய்ந்த செடியை அப்படியே பிடுங்கி இழுத்துக்கொண்டு நடந்தால், போகிற வழியெல்லாம் விதைத்த மாதிரி. முதலில் விதைக்கொத்தை மட்டும் வெட்டி, கனமான பையில் போட்டுக் கட்டுங்கள். பிறகு வேரோடு பிடுங்குங்கள். காலுறை, சட்டைமடிப்பு எல்லாம் அங்கேயே தட்டிவிட்டுக் கிளம்ப வேண்டும்.

சாட்ஸ்வொர்த்_சமையல்:
புரட்டாசி செப்டம்பர் நடுவில் பிறக்கும். விழாவை அதற்குப் பின் வைத்தால் பாதிப்பேர் விரதம், எலும்புக்குப்பையே இருக்காது. பீன்ஸ் பன்னி சாவ் (குடைந்த ரொட்டிக்குள் குழம்பு ஊற்றும் டர்பன் சாப்பாடு) போடுங்கள். ரொட்டியே பாத்திரம், தட்டு வேண்டாம்.

100 பேருக்கு வெட்டாத ரொட்டி 25, ஆளுக்குக் கால். சுகர் பீன்ஸ் (புள்ளி போட்ட காய்ந்த பீன்ஸ்) 6 கிலோ, முதல் நாள் இரவே ஊறவைக்கணும். உருளைக்கிழங்கு 4 கிலோ, அதில் பாதியை மசித்துவிடுங்கள். குழம்பு கரண்டியில் ஒட்டி மெதுவாக விழ வேண்டும், தண்ணியாக இருந்தால் அடி ஊறிக் கையிலேயே பிய்ந்துவிடும். கையில் கொடுக்கும்போதுதான் ஊற்றணும், முன்னாலேயே ஊற்றி அடுக்காதீர்கள். சாதாரணத் தாளில் சுற்றுங்கள், பிளாஸ்டிக் பூசிய தாள் மக்காது. கேரட், வெங்காயம், பச்சைமிளகாய் சம்பலை உள்ளேயே வைத்துவிடலாம்.

வெஸ்ட்வில்_மாணவி:
ரொம்ப நன்றி. மிச்சம் மீதியை உரக்குழியில் கொட்டலாமா அக்கா?

சாட்ஸ்வொர்த்_சமையல்:
பச்சைத் தோல், காம்பு மட்டும். ஒரு வாளித் தோலுக்கு மூன்று வாளிக் காய்ந்த இலை. எண்ணெய் பட்ட சோறு, குழம்பு திறந்த குழிக்குப் போனால் எலி வரும். அதை மூடி இறுகும் பொகாஷி வாளியில் (நுண்ணுயிர் கலந்த தவிடு தூவிப் புளிக்கவைக்கும் வாளி) போட்டுப் புளிக்கவிட்டுப் பிறகு புதையுங்கள். குரங்குக்கு யாரும் ஒரு துண்டு ரொட்டிகூடக் கொடுக்கக் கூடாது. பழகிவிட்டால் கையிலிருந்தே பறிக்கும், கடைசியில் அடிபடுவது அந்த வெர்வெட் குரங்குதான். பரிமாறுவதைக் கூடத்துக்குள் வையுங்கள். குப்பைத்தொட்டிகளை மக்குவதற்கு ஒன்று, மக்காததற்கு ஒன்று என ஜோடியாக வைத்து, ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு ஆளை நிறுத்துங்கள். எழுதி ஒட்டினால் மட்டும் யாரும் பிரித்துப் போடுவதில்லை.

பெரியா_தோட்டம்:
தேதியைப் பற்றி ஒன்று விட்டுப்போனது. செப்டம்பர் முதல் வாரம் வறண்ட குளிர்காலத்தின் வால். மழை ஊன்றிப் பெய்ய அக்டோபர் ஆகிவிடும். மரவாரத்தில்தான் நடணும் என்றால், ஒரு கன்றுக்கு 20 லிட்டர், முதல் இரண்டு வாரம் வாரம் இரண்டு தடவை, பிறகு மழை நிலைக்கும்வரை வாரம் ஒரு தடவை. 10 கன்றுக்கு ஒரு தடவைக்கு 200 லிட்டர். மாணவர்கள் விடுமுறையில் ஊருக்குப் போகும் வாரத்தில்தான் கன்று காயும். அதனால் ஊற்றும் முறையை விடுதியில் தங்குபவர்கள் பெயரில் எழுதுங்கள், பக்கத்துக் குழாய் திறந்திருக்குமா என்று தோட்டப் பிரிவிடம் இப்போதே கேளுங்கள். இது முடியாவிட்டால் செப்டம்பரில் குழி மட்டும் வெட்டி உரம் போட்டு, ஆள் தவறி விழாமல் பலகை போட்டு மூடி, அக்டோபரில் நடுவதே மேல்.